பேரேடு வைத்திருக்கும் காடைக்காரர்

கோல்டன் காடை வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், "இதன் தாய் தகப்பன் என்ன நிறம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான விற்பனைக்காரர்கள் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். சந்தையில் ஒருவர் என்னிடம், "காடைக்கு என்ன ஜாதகமா பார்க்கப் போகிறீர்கள்?" என்றே கேட்டார். ஆமாம், பார்க்கத்தான் வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் சாலையில், திருவட்டாறு தாண்டி, ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு காடைப் பண்ணை இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வியைக் கேட்டால் பண்ணைக்கார அண்ணன் சிவப்பு அட்டை போட்ட நீளப் பேரேடு ஒன்றை எடுத்து விரிக்கிறார். பண்ணைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கிக் காடைக்காரர் வீடு எங்கே என்று கேட்டால் பால் கறக்கப் போகிறவர்கூட வழி சொல்வார்.

நான் தக்கலைப் பக்கம் வீட்டோடு தையல் கடை வைத்திருக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இடத்தில் மூன்று அடுக்குக் கூண்டில் காடை வளர்க்கிறேன். முட்டையெல்லாம், மாலை நேரத்தில் போடும் தட்டுக்கடை ஒன்றுக்குப் போகிறது. அவித்து, மிளகுத்தூள் தூவி, காகிதத் தட்டில் விற்கிறார்கள். ஆகவே எனக்கு முட்டையிடும் பெட்டைதான் வருமானம், நிறம் ஆசை. இரண்டுக்கும் சேர்த்தே இந்தப் பண்ணையை எடை போடுகிறேன். வெறும் இறைச்சிக்கு மொத்தமாகக் குஞ்சு வேண்டும் என்பவர்களுக்கு இந்த மதிப்பீடு அவ்வளவாக உதவாது. அவர்களுக்கு இதைவிட மலிவான இடங்கள் உண்டு.

முதலில் கோல்டன். கன்னியாகுமரி மாவட்டத்தில் கலர் காடை என்றால் பாதிப்பேர் தேடி வருவது இதைத்தான். சாம்பலும் பழுப்பும் கலந்த சாதாக் காடையின் அதே கோடும் புள்ளியும் இருக்கும். ஆனால் அடிநிறம் காய்ந்த வைக்கோலின் மஞ்சள். வெயில் விழுந்தால் கூண்டே பளிச்சென்று இருக்கும். இதை இத்தாலியன் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். முன்பு இணையத்தில் படம் போட்டு விற்ற ஒருவர், "சுத்தமான கோல்டன் ஜோடி, குஞ்செல்லாம் கோல்டனாகவே வரும்" என்று எழுதி அனுப்பினார். குஞ்சுகளில் மூன்றில் ஒரு பங்கு சாதா நிறத்தில் வந்தது. கூடவே நிறைய முட்டை கூமுட்டையாகப் போயிற்று. கேட்டதற்கு, உங்கள் இன்குபேட்டர் சரியில்லை என்று பதில்.

காடைக்கார அண்ணன் இதைக் கேட்டுச் சிரிக்கவே இல்லை. பேரேட்டில் கோல்டனோடு கோல்டன் சேர்த்த பக்கத்தைக் காட்டினார். "சுத்தமான கோல்டன் என்று ஒன்று உயிரோடு இருக்க முடியாது மக்களே. இரண்டு பக்கமும் மஞ்சள் வந்து சேர்ந்தால் கரு முட்டைக்குள்ளேயே செத்துவிடும்" என்றார். உயிரோடு திரியும் கோல்டன் காடை ஒவ்வொன்றும் ஒரு மஞ்சள் மரபணுவும் ஒரு சாதா மரபணுவும் கொண்டதுதான். அப்படி இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு முட்டை அழிகிறது. மிச்சமுள்ளவற்றில் இரண்டு கோல்டனுக்கு ஒரு சாதா. கரு தொடக்கத்திலேயே நின்றுவிடுவதால், டார்ச் வெளிச்சத்தில் பார்க்கிறவருக்கு விதை பிடிக்காத முட்டைபோலத் தெரியும். இன்குபேட்டர்மேல் பழி விழுவது இதனால்தான்.

அவர் தருகிற யோசனை எளிமையானது: கோல்டன் ஆண், சாதாப் பெட்டை. குஞ்சில் சரிபாதி கோல்டன், சரிபாதி சாதா. இந்தக் காரணத்தால் ஒரு முட்டையும் வீணாகாது. கோல்டனைப் பெட்டையாக வைத்தாலும் கணக்கு அதுவேதான். ஆண் ஒன்றுக்கு இரண்டு மூன்று பெட்டை விடுவது வழக்கம் என்பதால், விலை கூடிய பறவை ஒன்று மட்டும் வாங்கினால் போதும். யோசித்துப் பாருங்கள்: ஜோடியாக வாங்காதே, ஒன்று போதும் என்று சொல்கிற வியாபாரி. நான் அவரை நம்பத் தொடங்கியது அந்த இடத்தில்.

வீட்டுக்கு வந்து இதைப் பற்றித் தேடிப் படித்தேன். பிளஸ் டூவில் உயிரியல் படித்ததற்கு இத்தனை வருடம் கழித்து ஒரு பயன். பிரான்ஸில் லூசியன் குவேனோ என்ற விஞ்ஞானி 1905இல் மஞ்சள் எலிகளை வைத்து இதே சங்கடத்தைக் கண்டிருக்கிறார். மஞ்சள் எலியோடு மஞ்சள் எலியைச் சேர்த்தால் எப்போதும் சாதா எலியும் பிறந்தது. சுத்த மஞ்சள் கிடைக்கவே இல்லை. இரண்டு பக்கமும் மஞ்சள் வந்த எலி கருவிலேயே சாகிறது என்று 1910இல் காசில், லிட்டில் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கினார்கள். வியப்பு என்னவென்றால், காடையிலும், எலியில் உள்ள அகூட்டி என்ற அதே நிற மரபணுவின் பக்கத்தில்தான் குளறுபடி. டி.என்.ஏ.வில் ஒரு பெரிய துண்டு விடுபட்டுப்போய், மஞ்சளை உண்டாக்கும் மரபணு பக்கத்து மரபணுவின் கட்டுப்பாட்டுக்குள் விழுந்துவிடுகிறது. எலியிலும் அப்படித்தான். இதைக் காடையில் கண்டுபிடித்து எழுதியது 2008இல். ரப்பர் தோட்டத்து அண்ணன் அதைப் படித்திருக்கமாட்டார். ஆனால் பேரேட்டில் அதே கணக்கு பால்பாயிண்ட் பேனாவில் இருக்கிறது.

அடுத்தது வெள்ளை. இங்கிலீஷ் ஒயிட் என்று விற்கிறார்கள்: கறுப்புக் கண், தலையின் பின்புறம் சிலவற்றில் ஒன்றிரண்டு கறுப்புப் பொட்டு. இது ஒடுங்கு பண்பு. இரண்டு பக்கமும் வந்தால்தான் வெள்ளை வெளியே தெரியும். சாதாவோடு சேர்த்தால் குஞ்சு பெரும்பாலும் சாதா நிறத்திலேயே இருக்கும். அந்தக் குஞ்சுகளைத் தமக்குள் சேர்த்தால் நான்கில் ஒன்று வெள்ளையாகத் திரும்பி வரும். வெள்ளையும் வெள்ளையும் என்றால் எல்லாம் வெள்ளை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நம்பகமான நிறம் இல்லை.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லித் தருகிற கடையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெள்ளைக் காடை, சட்டைமேல் போட்ட வெள்ளை மேல்துணி மாதிரி. உள்ளே மஞ்சளா, கறுப்பா, சாதாவா என்று வெளியே தெரியாது. மஞ்சளை உள்ளே வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டையைக் கோல்டன் ஆணோடு விட்டால், மேலே சொன்ன முட்டைச் சாவு மறுபடி வரும். காரணம் புரியாமல் தீவனத்தைத் திட்டிக்கொண்டிருப்போம். இங்கே வெள்ளைக் குஞ்சு வாங்கினால், "உள்ளே சாதா" அல்லது "உள்ளே மஞ்சள் இருக்கலாம்" என்று சீட்டில் எழுதித் தருகிறார்கள். எழுதுவது அவருடைய மனைவி. கையெழுத்து அழகு. அந்த மைனிக்கு அண்ணனைவிடக் கணக்கு நன்றாகத் தெரியும் என்பது என் எண்ணம். கேள்வி கடினமாகப் போனால் அண்ணனே உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த சரக்கு: பிரவுன். பார்வைக்கு ஒன்றும் பெரிய அழகில்லை. சாதாக் காடையின் கறுப்பெல்லாம் வெளுத்துச் செம்பழுப்பாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் முட்டைக்காக வளர்க்கும் என்னைப் போன்றவர்களுக்கு இதன் அருமை வேறு. காடைக் குஞ்சைப் பிறந்த அன்று ஆணா பெட்டையா என்று பிரிப்பது கண்ணுக்கும் கைக்கும் எளிதல்ல. ஏழெட்டுக் கிராம் எடையுள்ள உருண்டை அது. சாதா நிறமும் கோல்டனும் மூன்று வாரத்தில் நெஞ்சைப் பார்த்துச் சொல்லலாம்: ஆணுக்குச் செம்மண் நிற நெஞ்சு, பெட்டைக்குப் புள்ளி போட்ட நெஞ்சு. வெள்ளையிலும், கறுப்பு வகையான டிபெட்டனிலும் அதுவும் முடியாது. ஆறு வாரம் காத்திருந்து, வாலடியை லேசாக அழுத்தி, ஆணுக்கு வரும் வெள்ளை நுரையைப் பார்க்க வேண்டும், அல்லது கூவும்வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பாதித் தீவனம் முட்டையிடாத வயிற்றுக்குப் போகிறது.

பறவைகளில் பெட்டைக்குத்தான் பால் குரோமோசோம் வேறுவேறு. ஆணுக்கு இரண்டும் இசட். பெட்டைக்கு ஒரு இசட், ஒரு டபிள்யூ. மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் வாங்குகிறாள். பிரவுன் நிறத்தின் மரபணு அந்த இசட்டில் இருக்கிறது, அதுவும் ஒடுங்கு பண்பாக. ஆகவே பிரவுன் ஆணைச் சாதாப் பெட்டையோடு சேர்த்தால், மகள் எல்லாம் தகப்பனைப் போலப் பிரவுன்; மகன் எல்லாம் தாயைப் போலச் சாதா. பொரித்து ஈரம் உலர்ந்ததும் தட்டில் வெளுத்த குஞ்சு தனியாகவும் கறுத்த கோடுள்ள குஞ்சு தனியாகவும் தெரியும். வெளுத்ததெல்லாம் பெட்டை. மாற்றி, பிரவுன் பெட்டையைச் சாதா ஆணோடு விட்டால் இந்த வித்தை நடக்காது, குஞ்செல்லாம் சாதாதான்.

அண்ணன் இந்தச் சேர்க்கையைத் தனி வரிசைக் கூண்டில் வைத்து, ஒரு நாள் வயதுப் பெட்டைக் குஞ்சு என்று சொல்லியே விற்கிறார். நான் வாங்கிய கூட்டத்தில் ஒன்றுகூட ஆணாக மாறவில்லை. ஏழாவது வாரத்திலிருந்து முட்டை வந்தது. வேறு இடத்தில் "பெட்டை உறுதி" என்று வாங்கிய குஞ்சுகளில் விடியற்காலை கூவியவை எத்தனை என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டால் அவரே பட்டியல் சொல்வார். ஒரு எச்சரிக்கை: இந்தப் பிரவுன் மகள்களை அவர்களோடு பிறந்த சாதா நிற அண்ணன் தம்பிகளோடு விட்டு அடுத்த தலைமுறையை எடுத்தால் நிறத்தை வைத்துப் பால் பிரிக்க முடியாது, ஆணிலும் பெட்டையிலும் இரண்டு நிறமும் வரும். இதையும் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். மறுபடி வந்து வாங்க வைக்கும் தந்திரம் என்று யாராவது சொன்னால், ஆமாம், அதுவும்தான். வியாபாரம் செய்கிறவர் தர்மத்துக்கா உட்கார்ந்திருக்கிறார்?

டிபெட்டன் நல்ல கருஞ்சாக்லேட் நிறம். ஒரு மரபணு இருந்தால் கறுப்பு, இரண்டு இருந்தால் இன்னும் கறுப்பு. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும், படத்தில் புரியாது. கறுப்பு முதுகும் வெள்ளை நெஞ்சுமாக வரும் டக்சிடோவைத்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள். அது நிலையாக நிற்கும் நிறம் அல்ல, குஞ்சில் வெள்ளையும் டிபெட்டனும் பிரிந்து வரும் என்று அண்ணன் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்.

என் முதல் குறை சில்வர். சாம்பல் பூசிய வெள்ளி நிறம், ஒரு மரபணுவோடு இருக்கும்போது மிக அழகு. இரண்டு சேர்ந்தால் பறவை வெளுத்துப்போவதோடு கண்ணிலும் கோளாறு வருகிறது. அது தெரிந்தும், கேட்கிறவர்களுக்காகச் சில்வரோடு சில்வர் சேர்த்த ஒரு கூண்டு அங்கே இருந்தது. மூலையில் இரண்டு வெளுத்த குஞ்சுகள் தண்ணீர்ப் பாத்திரம் தெரியாமல் தடுமாறின. "அதை விற்க மாட்டேன்" என்றார். விற்காமல் இருப்பது சரி; உண்டாக்காமல் இருக்கலாமே அண்ணன் என்று கேட்டேன். கோல்டனுக்குச் சொல்கிற அதே யோசனை சில்வருக்கும் பொருந்தும்: ஒரு பக்கம் சாதா. மைனி அவரைப் பார்த்த பார்வையிலிருந்து இந்தப் பேச்சு அந்த வீட்டில் புதிதல்ல என்று தெரிந்தது.

இரண்டாவது குறை நீல முட்டை. செலடான் என்று சொல்லி இப்போது எங்கும் ஒரே ஆரவாரம். கோழியில் நீல முட்டை ஓங்கு பண்பு, ஒரு பக்கம் வந்தாலே போதும்; காடையில் ஒடுங்கு பண்பு. ஆகவே பெட்டைக்கு இரண்டு பக்கமும் வந்திருந்தால்தான் முட்டை நீலமாகும். ஆண் அதை வெளியே காட்ட வழியே இல்லை. இங்கே நீல முட்டைப் பெட்டையின் குஞ்சு என்று ஆண் குஞ்சுகளுக்கும் கூடுதல் விலை வைத்திருக்கிறார்கள். தாய் நீல முட்டையிட்டவள் என்றால் மகனிடம் குறைந்தது ஒரு மரபணு நிச்சயம் இருக்கும், பேரேடும் இருக்கிறது, பொய் இல்லை. ஆனாலும் சாதாவைவிட ஐந்து மடங்கு விலை கொடுக்க அதில் என்ன இருக்கிறது? என் தட்டுக்கடைக்காரரிடம் ஒரு நீல முட்டையைக் காட்டினேன். உரித்தால் எல்லாம் ஒன்றுதானே அக்கா என்று முடித்துக்கொண்டார். அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறவர்கள் வாங்கலாம்.

குஞ்சின் உடல்நலத்தில் சொல்ல ஒன்றும் இல்லை என்பதே பாராட்டு. கால் விரிந்த குஞ்சு, தொப்புள் ஆறாத குஞ்சு எதையும் கலந்து தள்ளிவிடுவதில்லை. இந்த மாவட்டத்தில் காற்றின் ஈரப்பதமும் மழைக்கால மின்வெட்டும் குஞ்சு பொரிப்பவரைப் பாடாய்ப் படுத்தும். இன்குபேட்டர் 37.5 டிகிரியில் 17, 18 நாள் ஓட வேண்டும். கடைசி நாட்களில் கரண்ட் போனால் எல்லாம் போயிற்று. அண்ணன் இன்குபேட்டருக்கும், பொரித்த குஞ்சைச் சூட்டில் வைக்கும் புரூடருக்கும் தனித்தனி இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் முன்பணம் வாங்குவதில்லை. பொரித்த பிறகு கூப்பிடுகிறார். மழை வலுத்தால் பெட்டியில் குஞ்சு கொண்டுபோக விடமாட்டேன் என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறார். அன்று கோபம் வந்தது. ஆனால் முதல் வாரம் 35 டிகிரிக்குக் குறையாத சூடு கேட்கும் குஞ்சைப் பஸ் ஜன்னல் காற்றில் வைத்துக்கொண்டு தக்கலை வருவதும் நடக்கிற காரியமல்ல.

தண்ணீர்ப் பாத்திரத்தில் கோலிக்குண்டு போடச் சொல்லி ஒரு கைப்பிடி கோலிக்குண்டும் சேர்த்துத் தருகிறார்கள். காடைக் குஞ்சு விரலளவு தண்ணீரில்கூட மூழ்கிவிடும். பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் அனுபவம்.

நெருங்கிய உறவுக்குள் சேர்த்தால் காடை மிக வேகமாகக் கெட்டுப்போகும். உடன்பிறந்ததோடு உடன்பிறந்ததைச் சேர்த்துக்கொண்டே போனால் மூன்று நான்கு தலைமுறைக்குள் முட்டையில் உயிர் பிடிப்பதும், பொரிப்பதும், குஞ்சு பிழைப்பதும் எல்லாம் இறங்கிவிடும். கலர் காடைக்காரர்கள் பலர் ஒரு ஜோடியில் தொடங்கி அதிலேயே சுற்றிச் சுற்றி வருவதால்தான் கலர் காடை என்றால் நோஞ்சான் என்ற பெயர் வந்தது. இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நிறக் கால்வளையம். ஆணை ஒரு வளையத்திலிருந்தும் பெட்டையை வேறு வளையத்திலிருந்தும் எடுத்துத் தருகிறார்கள். நீங்கள் கேட்கவே வேண்டாம். பேரேட்டின் உண்மையான பயன் நிறத்தைவிட இதில்தான் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன்.

"நாமக்கல்லில் கால்நடைக் கல்லூரியின் காடை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நாம் வளர்க்கும் இந்த ஜப்பானியக் காடை இந்தியாவுக்கு வந்ததே 1974இல், பரேலிக்குப் பக்கத்திலுள்ள இசத்நகர் வழியாகத்தான். அங்குள்ள மத்தியப் பறவை ஆராய்ச்சி நிலையம் (சுருக்கமாகக் காரி) உருவாக்கிய காரி சுவேதா, காரி பிரவுன் போன்றவற்றில் நிறமும் உண்டு, எடையும் உண்டு. எடைக்காகவும் எண்ணிக்கைக்காகவும் வளர்க்கிறவர்கள் அந்த வழியில் போவதே நல்லது. இந்தப் பண்ணைக் காடை எடையில் சற்றுக் குறைவு. கூடவே ஒன்று: சாலையோரத்தில் வலையில் பிடித்த காட்டுக் காடையைக் "நாட்டுக் காடை, வீரியம் ஏறும்" என்று விற்பவரிடம் வாங்கிக் கூண்டில் சேர்க்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அண்ணன் அப்படிக் கொண்டுவந்த ஒருவரை வாசலிலேயே விரட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

விலை: நான் கடைசியாக வாங்கும்போது சாதாக் குஞ்சு 15 ரூபாய், கோல்டனும் வெள்ளையும் 50, பிரவுன் பெட்டை 40, செலடான் 75. பேரம் கிடையாது, பத்துக்கு மேல் வாங்கினால் ஒன்று இரண்டு கூடப் போடுவார். அடைமுட்டையும் தருகிறார், ஆனால் அதை வாங்க நான் சொல்ல மாட்டேன். அந்த ரப்பர் தோட்டத்து வழியில் ஸ்கூட்டர் குலுங்கும் குலுக்கலுக்கு மஞ்சள் கரு கலங்காமல் வீடு வந்து சேராது. மழை நாளில் அட்டைப்பூச்சியும் இருக்கும், உப்புப் பொட்டலம் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், ஆலயத்துக்குப் போய்விடுவார்கள். மதியத்துக்குமேல் போகலாம். பேரேட்டைப் பார்க்க வேண்டும் என்றால் மைனி இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.